வரிசையில் ஒரு இடம் காலி

உட்காருங்கள் தம்பி. கடைப் படி எல்லோருக்கும் பொதுதான். ஷட்டரைப் பதினோரு மணிக்குத்தான் தூக்குவார்களாம், பார்சல் வண்டி இன்னும் வரவில்லையாம். நான் எட்டரைக்கே வந்துவிட்டேன். எந்தக் கூட்டத்துக்கும் நான் தாமதமாகப் போனதில்லை.

நீங்களும் அந்த ஜப்பான் வீடியோ ஆட்டத்தின் இரண்டாம் பாகத்துக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? உங்கள் சட்டையிலேயே அந்தக் கோட்டை வாயில் இருக்கிறதே, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கடைக்காரர் என்னிடம், "பேரனுக்கா பெருசு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். முதல் பாகத்தை முடித்துவிட்டேன், நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரித்த முதலாளிகள் எத்தனையோ பேர்.

என் பெயர் மாசிலாமணி. தோழர் மாசிலாமணி என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் எல்லா ஆலைக் கேட்டிலும் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கையில்தான். ஆங்கிலம்கூட அப்படித்தான் கற்றேன், ஒரு கையில் அறிக்கை, ஒரு கையில் அகராதி. அதனால் பேச்சு இப்படித்தான் வரும். என் மனைவி இருந்தவரை, "உப்பு கேக்குறதுக்குக்கூட மைக்கு முன்னாடி நிக்கிற மாதிரியே கேக்குறீங்க" என்பாள்.

எழுபத்திரண்டு வயதில் இவனுக்கு ஏன் விளையாட்டு என்று நினைக்கிறீர்கள். கேட்கவில்லை, ஆனால் நினைக்கிறீர்கள். சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள், சுடர்க்கொடி. பெங்களூரில் இருக்கிறாள். என்னோடு பேசி ஒரு வருடம் ஆகிறது. சித்திரையில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே இந்த விளையாட்டுப் பெட்டி, பழைய ஆட்டத்தைப் புதுப்பித்துப் போட்டிருக்கிறார்களே அந்தக் குறுந்தட்டு, ஒரு பழைய பிஸ்கட் டப்பா, ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: "ரெண்டாம் பாகம் வர்றதுக்குள்ள இதை முடிங்கப்பா. அது வர்ற அன்னைக்கு நான் வீட்டுக்கு வர்றேன். நீங்க விளையாடினதைப் பார்த்துட்டுத்தான் மத்தது."

அவ்வளவுதான். அந்த நாள்தான் இன்று. சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாக நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அவள் வந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்து, ஒரு வாய் காப்பி குடித்தால் போதும் தம்பி. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இரண்டாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கலாம் என்றுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் பேசவில்லை என்றால், என் மீது தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போன வருடம் துளசிங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவுக் கூட்டம். மேடையில் வந்து இரண்டு வார்த்தை பேசு என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது ஒரு குற்றமா? அன்றைக்குக் குலுக்கலில் சீட்டை எடுத்த கை அவளுடைய கை. சங்க வரலாற்றில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் அதைத்தான் சொன்னேன். அவள் பையை மடியில் எடுத்து வைத்தாள். பிறகு, "மிச்சச் சீட்டையெல்லாம் எரிச்சாச்சாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கே எரித்தாயிற்றே அம்மா என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள்தான்.

துளசிங்கம் யார் என்று சொல்லவில்லை, பாருங்கள். எங்கள் பம்பு செட் ஆலையில் லேத் ஓட்டியவன். முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகாதவன். தொண்ணூற்றொன்பதில் ஆலையைப் பூட்டி நூற்று நாற்பத்து மூன்று பேரை வெளியே தள்ளினார்கள். நான் தலைவர், எனக்குக் கீழே ஏழு பேர் கமிட்டி. அவன் அந்த ஏழு பேரில் ஒருவன். பூட்டிக் கிடந்த மூன்று மாதமும் என் வீட்டில்தான் கமிட்டி கூடும். நான் அறிக்கை எழுதுவேன். இவன் என் மகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவான். பர்மா பஜாரில் எங்கேயோ ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி பிடித்துக்கொண்டு வந்திருந்தான். அதில் இதே ஆட்டம், முழுக்க ஜப்பான் எழுத்து. இரண்டு பேருக்கும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. இவனே வசனம் சொல்வான். "இந்த மீசைக்காரன் சொல்றான் பாப்பா, கிழக்கால போனா நெல்லுக் கிடங்கு இருக்காம், காவலுக்கு ஒரு தூங்குமூஞ்சி நிக்கிறானாம்" என்று அவிழ்த்துவிடுவான். அவளுக்கு ஒன்பது வயது. வேதவாக்கு மாதிரிக் கேட்பாள். நான் திட்டுவேன். ஊர் பற்றி எரிகிறது, பொம்மை என்னடா என்பேன். "தோழரே, இதுவும் ஒரு போராட்டம்தான், இதுல எட்டுப் பேரு" என்பான். எதற்கும் ஒரு கிண்டல்.

ஒருநாள் அவள் குதித்துக்கொண்டு வந்தாள். ஆட்டம் முடிந்ததாம், யாருமே சாகவில்லையாம். எப்படி என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு லேபர் கமிஷனருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். ஓர் அரசன். ஊர் நெல்லையெல்லாம் கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறான். அவனை எதிர்த்து ஒரு தலைவனும் ஏழு தோழர்களும். கதை சரியான கதை. ஆனால் தலைவன் நூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் வாயைத் திறப்பதில்லை. மற்றவர்கள் பேசுகிறார்கள், இவன் தலையாட்டுகிறான். இது என்ன தலைமை? அப்புறம் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் ஒரு வீட்டிலும் தொடவில்லை. அதனால்தான் எனக்கு இத்தனை மணி நேரம் ஆயிற்று. மூன்று அடி நடந்தால் ஒரு சண்டை. அதில் எனக்குக் கஷ்டமில்லை. வட்டம் வட்டமாகப் போய்க் கிளைக் கூட்டம் போட்டவன்தானே நான்.

சுடர் ஒரு வேலை செய்து அனுப்பியிருந்தாள். முதல் ஒரு மணி நேரத்தை அவளே விளையாடி, எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள். தலைவனுக்கு மாசி. ஏழு பேருக்கும் எங்கள் கமிட்டிக்காரர்கள் பெயர். ஏகாம்பரம், ஜான்சன், காதர், எல்லோரும் இருந்தார்கள். ஈட்டிக்காரனுக்குத் துளசி. பேசாமல் இருந்தாலும் மகள் மறக்கவில்லை, இது எங்களுக்கு அவள் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தைச் சேமிக்க ஒரு கிணற்றடிக்குப் போக வேண்டும் அல்லவா. எட்டுப் பேரும் கிணற்றைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். தண்ணீரில் எட்டு முகம் தெரியும். அங்கே ஒரு பாட்டும் கிடையாது, வெறும் காற்றுச் சத்தம். ஒவ்வொரு முறையும் அந்தத் துளசி முகம் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். கண்ணில் புரை, அதனால் இருக்கலாம்.

ஆமாம், அந்தக் கோட்டை வாயில். அதைத்தான் சொல்ல வருகிறேன். நெல்லை வெளியே எடுத்துவரும் வரைக்கும் யாராவது ஒருவர் உள்ளே நின்று சங்கிலியைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தவன் திரும்பி வரமாட்டான். திரையில் பெயர்ப் பட்டியல் வரும், யாரை நிறுத்துகிறாய் என்று கேட்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காதர் காயத்துக்கு மருந்து போடுகிறவன், அவன் போனால் படை செத்தது. ஏகாம்பரத்துக்குப் பாதை தெரியும். ஜான்சன் சின்னப் பையன். கடைசியில் துளசியைப் போட்டேன். வேறு யாரைப் போடுவது? அவன்தான் திடமான ஆள். அவனுக்குப் பழக்கமும்கூட.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? விளையாட்டுத்தானே.

அதற்குப் பிறகு கிணற்றடியில் ஏழு பேர்தான். ஆனால் நெருங்கி நிற்பதில்லை தம்பி. அவன் நின்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறார்கள். வரிசையில் ஓர் இடம் காலி. கடைசி வரைக்கும் அப்படியேதான் நின்றார்கள். ஆட்டத்தைச் செய்தவன் பொல்லாதவன். இரண்டாம் பாகத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் இருப்பார்கள், வாயிலில் விடப்பட்டவர் வரமாட்டார், முதல் பாகத்தின் சேமிப்பைப் படித்துத்தான் தொடங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

நிஜத்தில் நடந்ததைக் கேட்கிறீர்களா. அது வரலாறு, மறைக்க ஒன்றுமில்லை. நான் புத்தகமாகவே எழுதியிருக்கிறேன். மூன்றாவது மாதம் ஆட்கள் தளர ஆரம்பித்தார்கள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று குசுகுசுப்பு. கேட்டில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று முடிவெடுத்தேன். யார் உட்காருவது? எங்கள் சங்கத்தில் குலுக்கல்தான் வழக்கம். எதற்கும் சீட்டு, எப்போதும் குழந்தை கையால். குழந்தை கை பொய் சொல்லாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். கமிட்டியில் ஏழு பேர், ஏழு சீட்டு. சீட்டு எழுதியது நான். துண்டறிக்கை எழுதிய கை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். மடித்து எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி, பாப்பா ஒன்று எடு என்றேன். எடுத்தாள். துளசிங்கம்.

என் பெயரா? என் பெயரை எப்படிப் போடுவது? தலைவன் உட்கார்ந்துவிட்டால் பேச்சுவார்த்தைக்கு யார் போவது? அறிக்கை யார் எழுதுவது? இதை யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

அவன் ஒரு நிமிடம் சீட்டைப் பார்த்தான். பிறகு பாப்பா தலையைத் தடவி, "நல்ல கை பாப்பா உனக்கு" என்றான். அவனுக்கு முந்தின வருடம் குடலில் புண் வந்து அறுவை செய்திருந்தது. எனக்குத் தெரியும். அவனும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பந்தலுக்குப் போகும்போது தோளில் கை வைத்து, நீ முன்னால் போ தோழா, நான் பின்னால் வருகிறேன் என்று அனுப்பினேன். பின்னால் நின்றேன். பதினோரு நாளும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோராம் நாள் போய்விட்டான். பதின்மூன்றாம் நாள் ஒப்பந்தம். நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு குடும்பமும் இன்றைக்குச் சாப்பிடுகிறதென்றால் அதற்குப் பெயர் வெற்றி. நான் ஒரு நாளும் அதில் வருத்தப்பட்டதில்லை.

அந்த மாதம் சங்கத் தேர்தல் வர இருந்தது. தலைவர் பதவிக்குத் துளசி நிற்கட்டும் என்று சில பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, ஏதோ வாயில் வந்தது.

மிச்ச ஆறு சீட்டையும் அடுப்பில் போடு என்று பாப்பாவிடம்தான் கொடுத்தேன். எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே போனதைப் பார்த்தேன்.

அந்த பிஸ்கட் டப்பாவைச் சொன்னேனே. நாலு மாதமாகத் திறக்கவில்லை. ஏதோ பலகாரம் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன், எனக்குச் சர்க்கரை. இன்றைக்குக் காலையில் மகள் வருகிறாளே, தட்டில் எடுத்து வைக்கலாம் என்று மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஆறு சீட்டு. மடித்தது மடித்தபடி. விளிம்பெல்லாம் பழுத்துப்போயிருந்தது.

ஒன்றைப் பிரித்தேன். துளசிங்கம்.

இன்னொன்றைப் பிரித்தேன். துளசிங்கம்.

மற்ற நாலையும் பிரிக்கவில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா?

கொஞ்சம் இருங்கள் தம்பி, எழுந்திருக்காதீர்கள். நீங்கள் சின்ன வயது. போராட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. குருட்டுத்தனமாகச் சொம்பில் கை விட்டு, பிள்ளைக்குட்டிக்காரன் எவனாவது வந்து, இரண்டாம் நாளே பழரசம் குடித்து எழுந்துவிட்டால்? நூற்று நாற்பத்து மூன்று பேர் தெருவில். எழ மாட்டான் என்று தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். நான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். குலுக்கல் என்பது மற்றவர்கள் மனம் கோணாமல் இருப்பதற்கு. இதை அவனிடம் நேராகவே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பான்தான்.

ஆமாம். கேட்டிருந்தாலே உட்கார்ந்திருப்பான்.

சுடர் அந்தச் சீட்டுகளைப் போராட்ட நினைவாகத்தான் வைத்திருக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை, எரிக்க மனம் வந்திருக்காது. மடிப்புக் கலையவில்லையே, பிரித்துப் பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்க மாட்டாளா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் யாரை நிறுத்தினீர்கள் வாயிலில்?

யாரையும் சாகவிடவில்லையா. அதெப்படி? பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒருவரைத் தொட்டே ஆக வேண்டும்.

எட்டாவதா? இல்லை தம்பி, நான் நன்றாகப் பார்த்தேன். ஏழு பெயர்தான்.

ஏழாவது பெயருக்குக் கீழேயும் அமுக்க வேண்டுமா. கீழே ஒன்றும் இல்லையே, கட்டத்தின் ஓரக் கோடுதான் இருக்கிறது. ஓ. அமுக்கினால்தான் ஏறி வருமா. என்ன பெயர் வரும்?

தலைவன் பெயர்.

அவன் நின்றால் என்ன ஆகும்? சங்கிலி உரசிக் கையெல்லாம் புண்ணாகி, மூன்று ஊர் தாண்டித் திரும்ப வந்து சேருவானா. அப்போது சாவு யாருக்கும் இல்லையா. எட்டுப் பேரும் கிணற்றடியில் நிற்பார்களா.

ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் அந்தப் பயல் எப்படியோ கீழே அமுக்கிப் பார்த்திருக்கிறான். யாருமே சாகவில்லை என்று குதித்துக்கொண்டு வந்தாளே, அது இதுதான். தலைவனுக்கு மாசி என்று அவள் பெயர் வைத்து அனுப்பியதும் இதற்குத்தான்.

சரி. திருத்திவிடலாம். வாயிலுக்கு முந்தின சேமிப்பு ஒன்றைத் திறந்தால் போதும் அல்லவா? நான் ஒரே இடத்தில்தான் சேமித்துக்கொண்டு வந்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக. சேமிக்க மூன்று இடம் கொடுத்திருந்தார்கள், எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். முதலிலிருந்து ஆரம்பித்தால் வாயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் வேகத்துக்கு நாற்பது மணி நேரமா. இப்போது மணி பத்தே முக்கால். நாலு மணிக்கு வருகிறாள்.

சேமிப்பையே அழித்துவிட்டால்? மின்சாரம் போய் அழிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவாளா? ஏன் சிரிக்கவில்லை நீங்கள்?

அதைவிட முதலில் அந்த மேசை. இரண்டு சீட்டைப் பிரித்தபடியே விட்டுவிட்டு வந்துவிட்டேன், வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று. போனதும் டப்பாவில் போட்டு மூடிவிடலாம். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமும் இருக்கிறது, ஆனால் நாலு மணிக்குத்தானே. நாலு மணி என்றுதானே எழுதியிருந்தாள்.

இருங்கள், போன்.

அவள்தான்.

ம். சொல்லும்மா. ம். நானா, ரிச்சி தெருவில், கடை வாசலில். ம். சரி.

வைத்துவிட்டாள். ஒரு வருடம் கழித்துக் குரலைக் கேட்கிறேன். அவள் அம்மா குரல் மாதிரியே ஆகிவிட்டது. காலை வண்டியிலேயே வந்துவிட்டாளாம். வீட்டில்தான் இருக்கிறாளாம். கோபமாகப் பேசவில்லை தம்பி. கோபமாகப் பேசியிருக்கலாம்.

"டிவியைப் போட்டேன். கிணத்தடியில ஒரு எடம் காலியா இருக்குப்பா" என்றாள். ம் என்றேன். "மேஜை மேல மடிச்சிருந்த நாலையும் பிரிச்சு வரிசையா வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க" என்றாள்.

ஷட்டர் சத்தம் கேட்கிறது. வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், பாருங்கள். வரிசை இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான்தான் முதலில் வந்தவன், அது எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் முன்னால் போங்கள் தம்பி. நான் பின்னால் வருகிறேன்.